கல்லூரிப் பேச்சுப் பயிற்சிப் பாடம்: எதில் சேரலாம்?

முதலில் பாடத்திட்டத்தில் ஒன்றைப் பாருங்கள்: பருவத்துக்கு எத்தனை முறை மேடையேற்றுகிறார்கள்? 60 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே ஒரு சுற்றுக்கு 5 மணி நேரம் போய்விடும். அதனால்தான் பல வகுப்புகள் வெறும் ஸ்லைடு பாடமாகவே முடிந்துவிடுகின்றன. அதற்குக் கட்டணம் கட்டுவது வீண். 20 பேர், நான்கு பேச்சு, ஒவ்வொன்றுக்கும் வீடியோப் பதிவு என்றால் தாராளமாகச் சேரலாம். பதிவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். பேசும்போது விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பு வேண்டவே வேண்டாம். ஒரு வரி மறந்தால் அடுத்ததும் வராது. குறிப்புச் சீட்டில் ஐந்தாறு சொற்கள் போதும். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் நெட்டுருவாக இருக்கட்டும்.