ஆர்சியில யார் போன் நம்பர் இருக்குன்னு பாத்துக்கோங்க

மதுரையில செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி, பேர் மாத்துற வேலையை புரோக்கர்கிட்ட விட்டவங்க இதைப் படிங்க.

போன மாசம் தெப்பக்குளம் பக்கம் போலீஸ் நிப்பாட்டி, கையில இருந்த மெஷின்ல வண்டி நம்பரைத் தட்டினாரு. "சார், 3 செலான் பாக்கி இருக்கு." எனக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வந்ததில்லையேன்னேன். "ஆர்சியில இருக்கிற போன் நம்பருக்குத்தான் சார் போகும்"னாரு.

வீட்டுக்கு வந்து அரசாங்கத்தோட இ-செலான் பரிவாகன் தளத்துல வண்டி நம்பரையும் சேஸிஸ் நம்பரோட கடைசி எழுத்துகளையும் போட்டுப் பார்த்தேன். மூணும் எங்க தப்புதான், மறுக்கல. பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு ஹெல்மெட் இல்ல, தலா 1000 ரூபாய். ஒரு போட்டோவுல காளவாசல் சிக்னல்ல என் வீட்டுக்காரம்மா, மடியில முருங்கைக்காய்க் கட்டு. முதல் செலான் கையில கிடைச்சிருந்தா அடுத்த ரெண்டு விழுந்திருக்காது. அதுதான் வயித்தெரிச்சல்.

பேர் மாத்திக் குடுத்த புரோக்கருக்குப் போன் போட்டேன். கொஞ்சமும் கூச்சப்படல. "ஓடிபி வர்றதுக்காக என் நம்பரைப் போட்டேன்ணே, எல்லாருக்கும் அப்படித்தான்." அப்ப வந்த எஸ்எம்எஸ்ஸை ஏன் சொல்லலன்னு கேட்டா, "தினம் நூறு வருதுண்ணே, எதைன்னு பாக்குறது?"

அங்கேயே நிறுத்தியிருக்கணும். "கோர்ட்டுக்குப் போனா அலைச்சல், 2500 குடுங்க, மூணையும் முடிச்சிடுறேன்"னு சொன்னதும் ஜிபே பண்ணிட்டேன். 500 ரூபாய் மிச்சம்ங்கிற ஆசை, வேறென்ன. மறுநாள் வாட்ஸ்அப்ல மூணு ரசீது வந்துச்சு. பத்திரமா சேவ் பண்ணி வச்சேன்.

மூணு வாரம் கழிச்சு சும்மா தளத்தைத் திறந்தா மூணும் அப்படியே நிலுவையில நிக்குது. அப்புறம்தான் ரசீதைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மூணுலயும் டிரான்சாக்ஷன் நம்பர் ஒண்ணே! செலான் நம்பரை மட்டும் அழிச்சு எழுதியிருக்கான், அந்த எழுத்து மத்த எழுத்தைவிடத் தடிமனா இருக்கு. இப்ப போனை எடுக்கிறதே இல்ல.

3000 ரூபாயை நானே தளத்துல கட்டினேன், அஞ்சு நிமிஷ வேலை. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிச்சுப் புகாரும் குடுத்தாச்சு. பணம் இன்னும் வரல.

போன் நம்பரை பரிவாகன் தளத்துலயே மாத்தலாம். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், பதிவு தேதி எல்லாம் கேக்கும், ஆர்சியைக் கையில வச்சுக்கிட்டு உக்காருங்க. பேர் மாத்தும்போது வர்ற ஓடிபி உங்க போனுக்கு வரலைன்னா அங்கேயே உஷாராயிடுங்க. எனக்கு அன்னைக்கு வரல. வேலை சுளுவா முடிஞ்சுதுன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சேன். அப்புறம், செலான்னு சொல்லி வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வந்தா தொட்டுடாதீங்க, அது வேற திருட்டு.

இந்த ஆளு ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல இன்னும் ஃபைலும் கையுமா நிக்கிறதா நேத்து பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். அவன் வண்டிக்கும் பேர் மாத்தினது இவருதானாம்.