ஒரே பைக்கில் இருவரா, ஆளுக்கொரு பைக்கா? ராக்கி மலைப் பூங்காக்களுக்குக் கிளம்பும் முன்

கனடாவின் பான்ஃப், ஜாஸ்பர், அமெரிக்காவின் கிளேசியர், யெல்லோஸ்டோன் என்று பூங்காப் பெயர்களை வரிசைப்படுத்தி வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்னால், இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரே வண்டியில் போவதா, ஆளுக்கு ஒன்றில் போவதா? நானும் என் நண்பனும் இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம். ஒரு கோடையில் ஒரே வண்டி, இன்னொரு கோடையில் இரண்டு. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இருவருக்கும் மலையில் ஓட்டிப் பழக்கம் இருந்தால் இரண்டு வண்டிதான். ஆனாலும் ஒரே வண்டியில் கிடைத்த சில விஷயங்களை இன்றும் நினைத்து ஏங்குகிறேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலை சுமார் 80 கிலோமீட்டர். 1933-இல் திறக்கப்பட்டது. லோகன் கணவாயில் 2,025 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. இந்த இடத்தில் ஓட்டுபவர் பார்ப்பது தார்ச்சாலையை மட்டும்தான். பைக்கில் கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். அருவியை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் வளைவின் கோடு கலைந்துவிடும். பின்னால் உட்கார்ந்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நாங்கள் கணவாயின் உச்சியில் இடம் மாறிக்கொண்டோம். ஏறும்போது அவன் பார்த்தான், இறங்கும்போது நான் பார்த்தேன். இரண்டு வண்டியில் போன வருடம் அதே சாலையை நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது, நிறுத்த இடம் கிடைத்த இடங்களில் மட்டும்.

ஓட்டும் வேலையை இருவர் பங்கிட்டுக்கொள்வதும் சாதாரண லாபம் இல்லை. மலையில் 300 கிலோமீட்டர் என்பது சமவெளியில் 500 கிலோமீட்டர் ஓட்டிய களைப்பைத் தரும். ஒரே வண்டியில் எப்போதும் ஒருவர் கொஞ்சம் புத்துணர்ச்சியோடு இருப்பார். ஆளுக்கொரு வண்டி என்றால் மாலை நான்கு மணிக்கு இருவருமே சேர்ந்து களைத்திருப்பீர்கள்.

அதன் பிறகு எடை வருகிறது, ஒரே வண்டிக்கான கணக்கு இங்கேதான் புரள ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் உள்ள டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. 3,000 மீட்டரிலேயே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். என்ஜினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைகிறது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்துகொள்ளும், இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. கார்பரேட்டர் வண்டி என்றால் கலவையில் பெட்ரோல் கூடிப்போய் இன்னும் திணறும். தனி ஆளாக ஏறும்போது இது ஒரு கியர் குறைத்தால் தீர்ந்துவிடும். இரண்டு பேர், மூன்று பெட்டி, கூடாரம் என்று ஏறும்போது முன்னால் ஊர்ந்து போகும் வேன் வீட்டை (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட பெரிய வேன்) முந்துவதே ஒரு பெரிய முடிவாகிவிடும். பாரம் பின்னால் குவிவதால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகும், கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. பின் ஸ்பிரிங்கை இறுக்கி, டயர் காற்றைத் தயாரிப்பாளர் இருவருக்கென்று குறித்த அளவுக்கு ஏற்றி, முகப்பு விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பலர் இந்த மூன்றையும் செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள்.

ஏற்றத்தை விட இறக்கம் கடினம். பின்னால் இருப்பவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சரிந்து ஓட்டுபவரின் கைகள் மேல் பாரத்தைப் போடுவார். டேங்கில் கை ஊன்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தால் ஓட்டுபவரின் மணிக்கட்டு தப்பிக்கும். எங்களுக்கு ஒரு நீண்ட இறக்கத்தில் முன் பிரேக் லீவர் மெல்ல மெல்லப் பஞ்சு போல ஆனது. தவறு என்னுடையது, பிரேக் ஆயிலை மாற்றாமல் வந்திருந்தேன். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 155 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, லீவரில் அழுத்தம் இருக்காது. ஓரம் கட்டி, முழுக்க ஆறும் வரை காத்திருந்து, மீதி இறக்கத்தை இரண்டாவது கியரில் என்ஜின் பிரேக்கிலேயே இறங்கினோம். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் அன்று ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் உயிரும் என் ஒரு லீவரில்தான் இருந்தது என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை. அடுத்த முறை இரண்டு வண்டி என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் கனடாவின் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலை. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டர். இடையில் பெட்ரோல் கிடைப்பது சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங்கில் மட்டும், அதுவும் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பெரும்பகுதி தூரத்துக்குச் செல்போன் சிக்னல் கிடையாது. ஒரே வண்டியில் செயின் அறுந்தால் இருவரும் சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான், அடுத்த வாகனம் வரும் வரை. இரண்டு வண்டி இருந்தால் ஒருவர் போய் உதவி கொண்டுவரலாம். ஒரே மாடல் என்றால் டியூப், கிளட்ச் கேபிள், கருவிகள் எல்லாம் பொது, ஒரு செட் போதும். மாடல் வேறு என்றால் சின்ன டேங்க் உள்ள வண்டிதான் அன்றைய நிறுத்தங்களை முடிவு செய்யும். பெரிய டேங்க்காரர் இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் மனஸ்தாபம் வரும்.

சாமான் விஷயத்தில் போட்டியே இல்லை. முகாம் போட்டுத் தங்குவதாக இருந்தால் ஒரே வண்டியில் இரண்டு பேரின் படுக்கையும் குளிர் உடையும் அடங்காது. குளிர் உடையைக் குறைக்கவும் முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும், உச்சியில் ஜூலையிலும் பனி பெய்யலாம். கரடி வாழும் பூங்காக்களில் உணவை வெளியே விட்டுவைக்கக் கூடாது. கார்க்காரர் காருக்குள் பூட்டிவைப்பார். பைக்கின் துணிப்பை கரடிக்கு ஒரு தடையே இல்லை. முகாம் இடத்தில் உணவு வைக்க இரும்புப் பெட்டி இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே பாருங்கள். இது ஒரு வண்டிக்கும் இரண்டு வண்டிக்கும் பொது.

இரண்டு வண்டிப் பயணத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பின்னால் வருபவர் சாலையை விட்டுவிட்டு நண்பனின் சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்ட ஆரம்பிப்பார். முன்னவர் எடுக்கும் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்து, பாதியில்தான் தன்னால் முடியாது என்று உணர்வார். அதனால் அனுபவம் குறைந்தவரை முன்னால் விடுங்கள். நேரான சாலையில் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் என்று விலகி ஓட்டலாம், வளைவு தொடங்கியதும் ஒற்றை வரிசைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னவர் காத்திருக்க வேண்டும். முன்னால் போன நண்பன் கண்ணில் படாவிட்டால் அவனைப் பிடிக்க வேகம் கூட்டக் கூடாது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தியில் எல்க் மான்கள் சாலை கடக்கும். முதல் வண்டியின் சத்தத்தில் மிரண்ட மான் இரண்டாவது வண்டியின் குறுக்கே பாய்வதை நான் நேரில் பார்த்தேன். இடைவெளி இருந்ததால் தப்பினோம்.

பேச்சு? ஹெல்மெட் இன்டர்காம் இருந்தால் இரண்டு வண்டியிலும் பேசலாம், வளைவுக்கு அந்தப் பக்கம் போனதும் குரல் அறுந்துவிடும். தோளில் தட்டி "அங்க பாருடா" என்று காட்டுவதற்கு அது ஈடாகாது.

உங்களில் ஒருவருக்குத்தான் மலையில் ஓட்டிப் பழக்கம் என்றால் தயங்காமல் ஒரே வண்டியில் போங்கள். அந்தச் சாலைகள் ஓட்டக் கற்கும் இடமில்லை. அப்படியானால் பெரிய வண்டியாக எடுங்கள், முகாமை விட்டு அறையில் தங்குங்கள், ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே போல விரிந்து அகன்ற சாலையைத் தேர்ந்தெடுங்கள். 3,337 மீட்டர் ஏறும் பேர்டூத் நெடுஞ்சாலையையும் டிரெயில் ரிட்ஜையும் நண்பர் தேறிய பிறகு, இரண்டு வண்டியில் வரும் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.