ஊருக்குப் போனதும் முதலில் அம்மாவின் போனை பேக்கப் எடுங்கள்

ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏர்போர்ட் டாக்ஸிக்காரர், வங்கியில் கேஒய்சிக்கு அலைந்தது, பட்டா மாறுதல் என்று எழுதியாயிற்று. நான் செல்போன் சர்வீஸ் கடைகளைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இந்த முறை சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி தஞ்சாவூர் போய்ச் சேர்ந்ததிலிருந்து பாதி விடுமுறை அங்கேதான் போயிற்று. அம்மாவின் போன் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து விழுந்திருக்கிறது. டிஸ்ப்ளே எரிகிறது, மணி அடிக்கிறது, ஆனால் கீழ்ப்பாதியில் டச் வேலை செய்யவில்லை. பின் நம்பர் அடிக்கிற இடமும் அதுதான். போன் உயிரோடு இருக்கிறது, உள்ளே மட்டும் போக முடியாது.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏசி, டோக்கன், மரியாதை எல்லாம் உண்டு. கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினார், உள்ளே இருக்கிற தகவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். "பேக்கப் எடுத்துட்டீங்களா சார்? எங்க ப்ரொசீஜர்ல ஃபார்மட் பண்ணித்தான் திருப்பிக் குடுப்போம்" என்றார். டச் வேலை செய்யாத போனை எப்படி பேக்கப் எடுப்பது என்று கேட்டதற்கு, அது கஸ்டமர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த விதி அப்படி. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தனியாக அங்கே போய் நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

அப்புறம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊர்க் கடைப் பையன்களின் கை வேலைக்கு ஈடே கிடையாது. ஹீட் கன்னில் ஓரத்தைச் சூடு காட்டி, ஒரு பிளாஸ்டிக் தகடை உள்ளே விட்டு, பேசிக்கொண்டே பின்மூடியைக் கழற்றுகிறார்கள். சிங்கப்பூரில் இதே வேலைக்கு நாலு மடங்கு காசு, அதையும் நாளைக்கு வா என்பார்கள். இங்கே டிஸ்ப்ளே காம்போ, அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த ஒரே பாகம், ஸ்டாக் இருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரிஜினலா காப்பியா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் இழுப்பார்கள், அது வேறு கதை.

ஆனால் தகவல் விஷயத்தில் இதே கடைகள் படு அலட்சியம். மேஜையில் ஒரு டப்பாவில் ரிப்பேருக்கு வந்த போன்கள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் பேப்பர் டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் பேர், என்ன கோளாறு, பின் நம்பர். பேட்டர்ன் லாக் என்றால் ஒன்பது புள்ளி வைத்து கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. கடைக்கு வந்து போகிற எவரும் படிக்கலாம். அந்தப் போன்களில்தான் ஜிபே இருக்கிறது, வங்கி ஆப் இருக்கிறது, ஆதார் போட்டோ இருக்கிறது. கடைத் தம்பி எங்களிடமும் "பின் நம்பர் சொல்லுங்கம்மா" என்று டேப்பைக் கிழித்தார். அம்மா சொல்ல வாயெடுத்துவிட்டார், நான்தான் நிறுத்தினேன்.

"டேட்டா வேணுமாண்ணே? அப்ப தனி சார்ஜ். ரூட் பண்ணித்தான் எடுக்கணும்" என்றார் தம்பி.

இது பல கடைகளில் சொல்லப்படுகிற வசனம், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆண்ட்ராய்டில் ரூட் என்றால் போனின் மொத்த அதிகாரத்தையும் கையில் எடுப்பது. அதற்கு முதலில் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றுகிற புரோகிராமின் பூட்டை, திறக்க வேண்டும். அதைத் திறந்த உடனேயே போன் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும், திருடன் கையில் போனால் தகவல் போகக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே தகவலைக் காப்பாற்ற ரூட் செய்வது என்பதே அர்த்தமில்லாத பேச்சு. முன்பே ரூட் செய்து வைத்திருந்தால் சரி, விழுந்த பிறகு செய்வதில் ஒன்றும் கிடைக்காது. போதாக்குறைக்கு, ரூட் செய்த போனில் பல வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும். மெமரி சிப்பைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுப் படிக்கலாம் என்று இன்னொரு கடையில் சொன்னார்கள், அதுவும் பழைய காலத்துக் கதை. ஆண்ட்ராய்டு 10-உடனோ அதற்குப் பிறகோ வெளிவந்த போன்களில் என்கிரிப்ஷன், அதாவது தகவலைச் சாவி போட்டுப் பூட்டி வைப்பது, கட்டாயம், சாவி அந்த போனின் பிராசஸரிலும் நம் பின் நம்பரிலும் இருக்கிறது, சிப்பை மட்டும் எடுத்து ஒன்றும் செய்ய முடியாது.

சரி, எப்படித்தான் உள்ளே போனேன்? போனின் சார்ஜ் துளையில் யூஎஸ்பி சாதனங்களைச் செருக உதவும் ஓடிஜி கனெக்டர் ஒன்று, சாதாரண மவுஸ் ஒன்று. இரண்டும் அதே தெருவில் வாங்கினேன், தம்பியின் சர்வீஸ் சார்ஜைவிடக் குறைவு. போனில் செருகியதும் திரையில் ஒரு அம்புக்குறி வந்து நிற்கும், கம்ப்யூட்டர் மாதிரியே. அம்மா தானே மவுஸைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போய் கிளிக் செய்து திறந்தார். டச் மட்டும் போய் டிஸ்ப்ளே எரிகிற எந்த ஆண்ட்ராய்டு போனுக்கும் இதை முதலில் முயன்று பார்க்கலாம், ஓடிஜி தாங்குகிற போனாக இருந்தால் போதும். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டியிருக்கும். டிஸ்ப்ளேயே இருட்டு என்றால் கதை வேறு, அப்போது காம்போ மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். காம்போ மாற்றுவதால் தகவல் போகாது, அதற்கு ஃபார்மட்டும் தேவையில்லை. யாராவது தேவை என்றால் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உள்ளே போனதும் கூகுள் பேக்கப்பைப் பார்த்தேன். செட்டிங்ஸில் கூகுள், அதில் பேக்கப். ஆன் என்றுதான் இருந்தது. கடைசியாக பேக்கப் ஆன தேதியைப் பார்த்தால் போன தடவை நான் ஊரில் இருந்தபோது! காரணம் யோசித்தால் புரிகிறது. கூகுள் தானாக பேக்கப் எடுக்க வேண்டுமானால் போன் சார்ஜில் இருக்க வேண்டும், சும்மா கிடக்க வேண்டும், வைஃபையிலும் இருக்க வேண்டும். நம் அம்மாக்கள் வீட்டில் வைஃபை எங்கே இருக்கிறது? தினசரி டேட்டா பேக்கிலேயே ஓடுகிற வீடு. நான் வந்து ரவுட்டர் மாதிரி ஒரு டப்பாவை வைத்திருந்த நாட்களில் மட்டும் பேக்கப் ஆகியிருக்கிறது. அதே திரையில் மொபைல் டேட்டாவிலும் பேக்கப் எடு என்று ஒரு ஸ்விட்ச் பல போன்களில் இருக்கும், அதைத் தட்டிவிடுங்கள். பக்கத்திலேயே இப்போதே எடு என்கிற பட்டனும் உண்டு.

இன்னொன்று, ஊரில் ஒரு இந்திய போனை பீரோவில் அணைத்து வைத்துவிட்டு வருகிற நம் ஆட்களுக்காக. போனை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் கூகுள் அதன் பேக்கப்பை அழித்துவிடலாம், அவர்கள் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அடுத்த பொங்கலுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இருக்காது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம்மும் போய்விடும், அந்த நம்பரோடு ஓடிபியும்.

அந்த பேக்கப்பில் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆப் பட்டியல், எஸ்எம்எஸ், அழைப்பு விவரம், செட்டிங்ஸ் வரும். ஆப் உள்ளே இருக்கும் தகவலுக்கு ஆப் ஒன்றுக்கு 25 எம்பி வரைதான் இடம், அதுவும் அந்த ஆப்பை எழுதியவர் அனுமதித்திருந்தால். வாட்ஸ்அப் தனிக் கணக்கு. இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான், இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் கழிகிறது. அம்மாவின் கணக்கு காலை வணக்கப் படங்களாலும் கும்பாபிஷேக வீடியோக்களாலும் எப்போதோ நிரம்பிவிட்டது. வாட்ஸ்அப் பேக்கப் நிற்கிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது, அம்மா அதை விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, பார்க்க விளம்பரம் மாதிரிதான் இருக்கிறது.

நல்லவேளை, வாட்ஸ்அப் தினமும் போனுக்குள்ளேயே ஒரு நகல் எழுதி வைக்கிறது. ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டர், அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் ஒன்று. கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றி, அந்த ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்ளலாம், ரூட் வேண்டாம். புதுப் போன் வாங்கினால் வாட்ஸ்அப் போடுவதற்கு முன் அதே இடத்தில் வைத்துவிட்டு, அதே நம்பரில் சரிபார்த்தால் பழையதை மீட்கவா என்று கேட்கும். அந்தக் கோப்பு பூட்டியிருக்கும், நம்பர் உயிரோடு இருந்தால்தான் திறக்கும், அதனால் மறுபடியும் சொல்கிறேன், சிம்மைச் சாக விடாதீர்கள். இரண்டு ஆண்ட்ராய்டு போனும் பக்கத்தில் இருந்து, இரண்டும் வேலை செய்தால் இந்த வம்பே வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே சாட் டிரான்ஸ்ஃபர் இருக்கிறது, க்யூஆர் காட்டினால் நேராகப் போய்விடும்.

ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள் இருந்தால் கேபிள் வழி நகல் பாதியில் தொங்கும். எனக்கும் தொங்கியது. கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் ஏடிபி, அதாவது கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவியை, பயன்படுத்துங்கள், செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங் போட்டால் ஒரே கட்டளையில் முழு ஸ்டோரேஜையும் இழுக்கலாம். முன்பு அதிலேயே ஏடிபி பேக்கப் என்ற வசதி இருந்தது, ஆண்ட்ராய்டு 4 காலத்திலிருந்து. ரூட் இல்லாமல் ஆப் தகவலையும் எடுக்க அதுதான் வழி, அதை நம்பி ஹீலியம் மாதிரி ஆப்கள்கூட வந்தன. ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு அதில் உயிரில்லை, புது ஆப்களின் தகவல் அதில் சேர்வதில்லை. இணையத்தில் இன்னும் பழைய குறிப்புகள் சுற்றுகின்றன, அதைப் பார்த்து வெறும் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம்.

இனி அம்மாவின் சீட்டுக் கணக்கு. உண்மையில் இத்தனை அலைச்சலும் அதற்காகத்தான். தெருப் பெண்கள் சேர்ந்து போடும் மாதச் சீட்டு, யார் கட்டினார், யார் எடுத்தார் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் கொடுத்த ஏதோ ஒரு கணக்கு ஆப்பில் இருக்கிறது. லாகின் கிடையாது, கிளவுட் கிடையாது. கூகுள் பேக்கப்பில் அந்த ஆப்பின் பேர் மட்டும் இருந்தது, அதனுள்ளே ஒன்றும் இல்லை. ஆப்பின் ஏபிகே கோப்பை ஏடிபி வழியாக எடுக்கலாம், ஆனால் அது வெறும் ஆப், கணக்கு வேறொரு அறையில் பூட்டிக் கிடக்கிறது, ரூட் இல்லாமல் அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. நோண்டிப் பார்த்ததில் ஓரத்து மூன்று புள்ளிக்குள் பிடிஎஃப் எடுக்கும் வசதி இருந்தது. படிக்கலாம், திருப்பி ஏற்ற முடியாது. சரி, கிடைத்தவரை லாபம் என்று எடுத்து, கூடவே ஒவ்வொரு உறுப்பினர் பக்கத்தையும் திறந்து ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தோம். அம்மா பேர் சொல்லச் சொல்ல நான் மவுஸால் தட்டினேன். "இவ ரெண்டு மாசமா குடுக்கல, அதையும் எடுத்துக்கோடா" என்று இடையில் வசூல் விவகாரமும் ஓடியது. என் அபிப்பிராயம் இதுதான், திருப்பி ஏற்றக்கூடிய எக்ஸ்போர்ட் வசதி இல்லாத ஆப்பில் பணக் கணக்கு எழுதவே கூடாது, கூகுள் ஷீட்ஸ் போதும், இல்லையா நாலு ரூல் நோட்டு போதும்.

மற்றவை சுலபம். எஸ்எம்எஸ்ஸுக்கு எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் என்றே ஒரு ஆப் இருக்கிறது, எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதிக் கொடுக்கும். தொடர்புகளில் பாதி கூகுளில் இல்லாமல் போனிலேயே சேமித்திருந்தார், கேஸ் தம்பி, பால்காரர், ஆட்டோ எல்லாரும் அதில்தான். கான்டாக்ட்ஸ் ஆப்பிலேயே எக்ஸ்போர்ட் இருக்கிறது, விசிஎஃப் கோப்பாக எடுத்து கூகுளில் ஏற்றிவிட்டேன். யூபிஐ ஆப்களுக்கு பேக்கப் என்று ஒன்று தேவையில்லை, சிம் இருந்தால் புதுப் போனில் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், பேலன்ஸ் இல்லாத சிம் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் போன் கடைக்குப் போனது. அதே தம்பியிடம்தான், அவர் கை வேலை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. பின் நம்பர் கொடுக்கவில்லை. டச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லாக் திரையே போதும், மீதியை நானே எதிரில் நின்று திறந்து காட்டுகிறேன் என்றேன். "அட, யாரும் இப்படிக் கேட்டதில்லண்ணே" என்று சிரித்தார், கோபமில்லை. சாம்சங் வைத்திருப்பவர்கள் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சல் வைத்திருப்பவர்கள் ரிப்பேர் மோடு போட்டுக் கொடுக்கலாம், கடைக்காரருக்குப் போன் திறக்கும், நம் படங்களும் செய்திகளும் தெரியாது.

வேலை முடிந்து வந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை மறக்காமல் அணைத்துவிடுங்கள், அது ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் அடம்பிடிக்கும். கடையில் ஏற்கெனவே பின் சொல்லிவிட்டவர்கள் வீட்டுக்கு வந்ததும் அதை மாற்றுங்கள், யூபிஐ பின்னும் அதே எண்ணாக இருந்தால் அதையும்.