இ1டிஏ காஸ்மாஸ் ஏடிசி: டேக்கையும் ஆம்ப்பையும் அளக்க வாங்குமுன்

நல்ல டேக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் சாதனம்) ஒன்றின் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் (சிக்னலின் மடங்கு அதிர்வெண்களில் சாதனம் தானே சேர்க்கும் கலப்பு) இன்று மைனஸ் 115, மைனஸ் 120 டெசிபல் என்று இருக்கிறது. மைனஸ் 120 டெசிபல் என்றால் 0.0001 சதவீதம். சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் அதைச் செருகினால், திரையில் தெரிவது பெரும்பாலும் இன்டர்ஃபேஸின் டிஸ்டார்ஷன்தான். ஆடியோ ப்ரிசிஷன் நிறுவனத்தின் ஏபிஎக்ஸ்555 போன்ற அனலைசர்கள் இதற்கென்றே செய்யப்பட்டவை, ஆனால் வீட்டில் ஆம்ப் கட்டுகிறவர் தொடக்கூடிய விலையில் அவை இல்லை. இந்த இடைவெளியில்தான் இ1டிஏ நிறுவனத்தின் உள்ளங்கை அளவுள்ள காஸ்மாஸ் ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றிக் கணினிக்குத் தரும் பெட்டி) வருகிறது. உள்ளே ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் இஎஸ்9822 ப்ரோ சிப், இரண்டு பேலன்ஸ்டு இன்புட் (இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை சிக்னலாக எடுப்பவை), கணினிக்கு யூஎஸ்பி-சி. சாம்பிளிங் 384 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். யூஎஸ்பி பக்கம் மின்பிரிப்பு செய்யப்பட்ட 'ஐசோ' வடிவமும் உண்டு. வாங்குவதானால் அதையே வாங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது.

இந்தப் பெட்டியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: இன்புட்டில். டிப் ஸ்விட்சுகளால் (பெட்டியிலுள்ள குட்டி ஸ்விட்சுகள்) முழு அளவை, அதாவது ஏடிசி வாங்கக்கூடிய உச்ச சிக்னலை, 1.7 வோல்ட், 2.7 வோல்ட், 4.5 வோல்ட் எனத் தொடங்கி 10 வோல்ட்டுக்கு மேல் வரை மாற்றலாம். எல்லாம் ஆர்எம்எஸ் கணக்கு. ஆர்சிஏ வழியாக 2 வோல்ட் தரும் டேக்குக்கு 2.7 வோல்ட் வரம்பு சரி, சிக்னல் மைனஸ் 2.6 டிபிஎஃப்எஸ்ஸில் (முழு அளவைப் பூஜ்யமாக வைத்த டெசிபல் கணக்கு) நிற்கும். பேலன்ஸ்டாக 4 வோல்ட் தரும் டேக்குக்கு 4.5, அங்கே மைனஸ் 1 டிபிஎஃப்எஸ். இரண்டு சேனலின் ஸ்விட்சுகளும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒன்று தவறினால் சேனல் பேலன்ஸ் கெட்டுவிட்டதாகக் காட்டும், பழி டேக்கின் மேல் விழும்.

இரைச்சலைக் குறைக்க இன்புட் ரெசிஸ்டர்களைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று அறை வெப்பத்தில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், தானாகவே ஏறக்குறைய 0.57 மைக்ரோவோல்ட் இரைச்சல் தருகிறது. ஆகவே சின்ன ரெசிஸ்டர் வைத்த முடிவு சரியானதுதான். அதற்கான விலை, இன்புட் இம்பீடன்ஸ்: மாட்டும் சாதனத்துக்கு ஏடிசி காட்டும் மின்தடை. அது குறைந்தால் சாதனத்தின் மேல் பாரம் கூடும். 1.7 வோல்ட் வரம்பில் ஏறக்குறைய 640 ஓம், வரம்பை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறிச் சில கிலோ ஓம் ஆகிறது. வழக்கமான லைன் இன்புட் 10 கிலோ ஓமுக்கு மேல் இருக்கும், அளவீட்டுக் கருவிகளில் 100 கிலோ ஓம் சாதாரணம். 100 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள டேக்கை 640 ஓமில் மாட்டினால் 1.26 டெசிபல் அங்கேயே போய்விடும். லெவல் குறைவது சின்ன விஷயம், கணக்கில் திருத்திக்கொள்ளலாம். பாரம் கூடியதால் அவுட்புட் ஆப்-ஆம்ப் (சிக்னலை வெளியே தள்ளும் சிப்) திணறி டிஸ்டார்ஷன் ஏறினால், அந்தச் சாதனம் நிஜ வாழ்க்கையில் ஒருபோதும் செய்யாத தப்பை நாம் பதிவு செய்கிறோம்.

ப்ரீ ஆம்ப்புகளில் இது இன்னும் மோசம். அவுட்புட்டில் 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் உள்ள சர்க்யூட்டை எடுத்துக்கொள்வோம். 47 கிலோ ஓம் பாரத்தில் அது 3.4 ஹெர்ட்ஸில்தான் 3 டெசிபல் இறங்கும். 1.7 கிலோ ஓம் பாரத்தில் அதே புள்ளி 94 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். பாஸ் இல்லாத ப்ரீ ஆம்ப் என்று எழுதிவிடுவார்கள், பாவம். வால்வு ப்ரீ ஆம்ப், பாசிவ் வால்யூம் கன்ட்ரோல், போனோ ஸ்டேஜ் இவற்றை அளப்பது நோக்கமென்றால் காஸ்மாஸ் ஏடிசியைத் தனியாக வாங்காதீர்கள். இதே நிறுவனத்தின் 'ஸ்கேலர்' என்ற முன்பெட்டி லட்சம் ஓம் அளவில் இன்புட் இம்பீடன்ஸ் தந்து, அன்பேலன்ஸ்டு சிக்னலைப் பேலன்ஸ்டாகவும் மாற்றித் தருகிறது. டேக், ஹெட்போன் ஆம்ப் மட்டும் அளப்பவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

மென்பொருளுக்கு ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருள்) இலவசம், போதுமானது. விண்டோஸில் ஏடிசியையும் டேக்கையும் எக்ஸ்க்ளூசிவ் மோடில் (வேறு மென்பொருளோடு பகிராமல்) திறவுங்கள். ஷேர்டு மோடில் சாம்பிள் ரேட் மாற்றமும் உச்சத்தில் லிமிட்டரும் நடுவில் புகும். சோதனை டோன் தரும் ஜெனரேட்டரில் 24 பிட், டிதர் (பிட் குறைப்பால் வரும் டிஸ்டார்ஷனைத் தடுக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) ஆன். டேக்குக்கு ஒரு க்ளாக், ஏடிசிக்கு வேறொரு க்ளாக் என்பதை மறக்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 65536 புள்ளி எஃப்எஃப்டிக்கு (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) 999.756 ஹெர்ட்ஸ் சரியாக ஒரு பின்னில் (அந்தக் கணக்கின் ஓர் அதிர்வெண் கட்டம்) விழும் என்பது ஒரே க்ளாக்கில் மட்டுமே உண்மை. இரண்டு க்ளாக்குக்குள் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) வித்தியாசம் இருந்தாலே ரெக்டாங்குலர் விண்டோவில் (சாம்பிள்களின் ஓரங்களை மங்கவைக்காமல் அப்படியே வெட்டுவது) 1 கிலோஹெர்ட்ஸின் அடிப்பாகம் பாவாடைபோல் விரியும். ஓரங்களை மெல்ல மங்கவைக்கும் பிளாக்மன்-ஹாரிஸ் 7 விண்டோ போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எஃப்எஃப்டி படத்தில் கீழே தெரியும் புல்தரையை இரைச்சல் அளவாகப் படிப்பது பரவலான பிழை. 65536 புள்ளியில் இரைச்சல் 32768 பின்களில் பங்கிடப்படுவதால், தரை உண்மையான மொத்தத்தைவிட 45 டெசிபல் கீழே தெரியும். மொத்த இரைச்சல் எண்ணையே எடுங்கள். டேக்கின் இரைச்சலை அளக்க மௌனத்தை அனுப்பக்கூடாது, பல டேக்குகள் பூஜ்யம் வந்தால் தாமே மியூட் ஆகிவிடும். மைனஸ் 60 டிபிஎஃப்எஸ் டோன் அனுப்பி அளப்பதே முறை. ஏடிசியின் இரைச்சல் சாதனத்தினுடையதைவிட 10 டெசிபல் கீழே இருந்தால் பிழை 0.4 டெசிபல். இரண்டும் சமமாக இருந்தால் 3 டெசிபல். இரண்டு சேனலையும் இணைத்து மோனோவாகச் சராசரி எடுத்தால் ஏடிசி பக்கம் 3 டெசிபல் லாபம் கிடைக்கும், ஆனால் இன்புட் இம்பீடன்ஸும் பாதியாகும்.

வோல்ட்டேஜ் கேலிப்ரேஷனுக்கு மல்டிமீட்டர் போதும். மலிவான மீட்டர்களின் ஏசி அளவீடு சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கதல்ல, எனவே 1 கிலோஹெர்ட்ஸில் செய்யாமல் 100 ஹெர்ட்ஸில் செய்யுங்கள். ஏடிசி மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றி அளந்தால் மேலே சொன்ன பார இழப்பு கணக்கில் வராது.

திரையில் தெரியும் ஹார்மோனிக் யாருடையது? அளவீட்டில் உண்மையான வேலை இதுதான். ஏடிசிக்கும் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக் உண்டு. அது சாதனத்தின் ஹார்மோனிக்கோடு எதிர் ஃபேஸில் சேர்ந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு, இல்லாத பெருமையைக் காட்டும். வரம்பை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். சாதனம் அதே வோல்ட்டேஜில் ஓடும்போது ஹார்மோனிக் மாறினால், பாரம் மாறியதால் வந்த மாற்றம் இல்லையென்றால், அது ஏடிசியின் கைவரிசை. இரண்டாம் ஹார்மோனிக்குக்கு இன்னும் எளிய சோதனை உண்டு: எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கொண்ட பேலன்ஸ்டு கனெக்டர்: 1 கிரவுண்ட், 2உம் 3உம் சிக்னல்) கேபிளில் 2, 3ஆம் பின்களை மாற்றிய இன்னொரு கேபிள் செய்து வைத்துக்கொள்ளுங்கள். போலாரிட்டி திரும்பும்போது ஏடிசியின் இரண்டாம் ஹார்மோனிக் சாதனத்தினுடையதோடு கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போகும். எண் மாறாவிட்டால் நம்பலாம். மூன்றாம் ஹார்மோனிக்குக்கு இந்த வித்தை செல்லாது, இரண்டு பக்கமும் ஒன்றாகத் திரும்பிவிடும். காஸ்மாஸில் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகளை ஈடுசெய்யும் வசதி உண்டு. அது ஒரு லெவலில், ஒரு வரம்பில் சரிசெய்தால் வேறு லெவலில் அதே அளவு பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஹம், அதாவது மின்சாரத்திலிருந்து புகும் ரீங்காரம், பற்றி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே 50, 100, 150இல் கோடுகள் நிற்கின்றனவா பாருங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அவை விழுந்தால் கிரவுண்ட் லூப் (சாதனங்களின் கிரவுண்டுகள் இரண்டு வழியில் இணைந்து உண்டாகும் சுற்று). ஐசோ வடிவம் பிழைப்பைக் காப்பாற்றுவது இங்கேதான். ஆர்சிஏ-எக்ஸ்எல்ஆர் கேபிளில் 3ஆம் பின்னை ஆர்சிஏ முனையில் கிரவுண்டோடு சேருங்கள், ஏடிசி முனையில் சேர்த்தால் பேலன்ஸ்டு இன்புட்டின் பயனே போய்விடும்.

பவர் ஆம்ப்பை நேராக மாட்டவே கூடாது. 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட், எந்த வரம்புக்கும் அது அதிகம். பத்துக்கு ஒன்றாகக் குறைக்கும் டிவைடர் (இரண்டு ரெசிஸ்டரால் வோல்ட்டேஜைப் பிரிக்கும் சர்க்யூட்) கட்டும்போது மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போடுங்கள். மலிவான திக் ஃபிலிம் சிப் ரெசிஸ்டர்கள் வோல்ட்டேஜுக்கேற்ப மதிப்பு மாறி, தாமே டிஸ்டார்ஷன் சேர்க்கும். ஏடிசியின் இம்பீடன்ஸ் டிவைடரின் கீழ்க்காலோடு (கிரவுண்ட் பக்க ரெசிஸ்டர்) இணையாக வருவதையும் கணக்கிடுங்கள். பிரிட்ஜ் வகை கிளாஸ்-டி ஆம்ப்பில் இரண்டு ஸ்பீக்கர் முனையிலும் சிக்னல் ஓடுகிறது. ஒன்றை 1ஆம் பின்னோடு சேர்த்தால் ஆம்ப் பழுதாகிவிடும். இரண்டையும் 2, 3ஆம் பின்களுக்கு, சமமான இரண்டு டிவைடர் வழியாகக் கொண்டுபோங்கள்.