40 சதவீதம் இருந்தால் போதுமா? வேலூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைத் திட்டங்கள், ஒரு மதிப்பீடு

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வருபவர்களின் முதல் கேள்வி, "40 சதவீதம் இருக்கு, என்ன சார் கிடைக்கும்?" என்பதுதான். குறைபாட்டின் அளவு 40 சதவீதம் என்ற வாசலைத் தாண்டியிருந்தும் மனு திரும்பி வருவது, பெரும்பாலும் தேதியாலும் முகவரியாலும்தான்.

முதலில் அட்டை. யுடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வெள்ளை என்றால் 40க்குக் கீழே, மஞ்சள் 40 முதல் 79 வரை, நீலம் 80ம் அதற்கு மேலும். வெள்ளை அட்டைக்காரர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: இரண்டு குறைபாடு இருந்தும் ஒன்றுக்கு மட்டும் சான்று வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுமதிப்பீடு கேளுங்கள். கால் 30, காது 20 என்றால் கூட்டி 50 போடமாட்டார்கள். 90லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, அதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். இங்கே 43 வரும். அதுவே வாசலைத் தாண்டிவிடும். தொழுநோயிலிருந்து குணமானவர்களும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அடக்கம். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கும் மாவட்டத்திலேயே இது தெரியாதவர்கள் நிறைய. தற்காலிக அட்டை என்றால் முடியும் தேதியைப் பாருங்கள், காலாவதியான அட்டையோடு பேங்குக்குப் போவது வீண் அலைச்சல்.

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை: வாங்குவது எளிது, தொகைதான் சொற்பம். மற்றவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 வருடம் காத்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு 1 வருடம் போதும். வருமான வரம்பும் கிடையாது. பத்தாம் வகுப்பு வரை மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1000 ரூபாய், 10 வருடம் வரை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. ரெகுலர் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இல்லை. பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பதிவில் மாற்றுத்திறனாளி என்று ஏற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் தொழில் இருப்பவர்களுக்கு எங்கள் ஓட்டு, மானியத்தோடு பேங்க் கடன் கிடைக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு. 18 வயது முடிந்தால் போதும், வருமான வரம்பு இல்லை. உற்பத்திக்கு 10 லட்சம், சேவைத் தொழிலுக்கு 5 லட்சம் வரை படிப்பும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளி கையிலிருந்து போட வேண்டியது திட்டச் செலவில் 5 சதவீதம். மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35.

இந்தக் கிராமம், நகரம் கணக்கில்தான் வேலூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாம் இப்போது மாநகராட்சி, அங்கே 25தான். அதே 5 லட்ச ரூபாய் யூனிட்டைப் பொய்கை போன்ற ஊராட்சியில் வைத்தால் மானியம் 1.25 லட்சத்துக்குப் பதில் 1.75 லட்சம். வீடு எங்கே என்பது கணக்கில்லை, யூனிட் எங்கே என்பதே கணக்கு. மானியம் கைக்கு வராது, பேங்கில் 3 வருடம் வைப்பாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். ஆகவே தவணையைப் பிடித்துக் கட்டியே ஆக வேண்டும்.

மறுப்பு வருவது இப்படி: ஏற்கெனவே நடக்கும் கடையைப் புதிது என்று காட்டுவது (புதிய யூனிட்டுக்கு மட்டுமே உண்டு), திட்ட அறிக்கையில் நிலத்தின் விலையைச் சேர்ப்பது, இயந்திரத்துக்கு கொட்டேஷன் இல்லாதது, மகளிர் குழுக் கடன் பாக்கி சிபிலில் (பேங்குகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவு) நிற்பது. 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நிற்கும்.

மாநில அரசின் யுஒய்இஜிபி (வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம்) இதற்கு அடுத்தபடிதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, குடும்ப வருமானம் 5 லட்சத்துக்குள், மானியம் 25 சதவீதம். இரண்டும் மாவட்டத் தொழில் மையம் வழியே வரும், ஆனால் ஒன்றில் மானியம் வாங்கினால் மற்றது கிடையாது. தொழில் தொடங்கியதும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் நின்றுவிடும். எனவே கடன் உறுதியாகும் முன் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் பார்வை, செவி, கை கால் குறைபாடு, மற்ற வகைகள் என்று தலா 1. உங்கள் வகைக்கு அந்தப் பதவி பொருந்தும் என்று அறிவிக்கையில் இருக்கிறதா எனப் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள். ஷூ கம்பெனிகளில் சேருபவர்களுக்கு ஒரு குறிப்பு: இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000.

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்க வேண்டாம். ஆற்காடு, அரக்கோணம் பக்கத்தவர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். ஆதாரில் பழைய மாவட்டம் இருந்தால் அதை முதலில் திருத்திவிட்டு மனுப் போடுங்கள்.