எடை சரி, சரக்கு பொய்: மாடல் கார் உதிரிகளை மூட்டையாக வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

உடைந்த டை-காஸ்ட் கார்களின், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த சிறு மாடல் கார்களின், உதிரிகளைக் கிலோ கணக்கில் விற்பதாகச் சொன்ன ஒருவரிடம் நான் ரூ. 14,400 இழந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே இதை இப்போது எழுதுகிறேன். ஆறிவிட்டால் இதுவும் போனால் போகிறது என்ற கணக்கில் சேர்ந்துவிடும், அந்த ஆளும் அடுத்தவரைத் தேடிப் போய்விடுவார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். விளம்பரம் வந்த இடம், பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு கைப்பேசிச் செயலி என்ற அளவில் தெரிந்தால் போதும். இத்தகைய மூட்டைகளை எப்படிச் சோதித்து வாங்குவது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பல்லடம் பக்கம் பம்ப் செட் பழுது பார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மாலையில் வேலை முடிந்த பிறகு, பட்டறையில் மிஞ்சும் கழிவைக் கொண்டு மாடல் கார்கள் செய்வது என் பழக்கம். எண்ணெய் டின் தகரத்தை வெட்டித் தட்டிக் கூரையும் பானெட்டும் செய்வேன். ரீவைண்டிங்கில் கழிக்கும் செம்புக் கம்பி ஓரப் பட்டைகளுக்கும் ஸ்டியரிங் வளையத்துக்கும் ஆகும்; சைக்கிள் ஸ்போக்கை அளவாக அறுத்தால் ஆக்ஸில் கிடைத்துவிடும். பம்பில் போடும் ஓ-ரிங்குகளில் தடிமனானவற்றை எடுத்தால் டயருக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. மற்றவை திருப்பூர் தரும் கொடை: ஆயத்த ஆடையில் ஒட்டும் பளிங்குக் கற்கள் முகப்பு விளக்குகளாகும், சட்டை அட்டைப்பெட்டியின் கண்ணாடித்தாள் முன்கண்ணாடியாகும், உலோக ஜிப்பின் பற்களைப் பொறுமையாக நிறுத்தினால் பழைய கார்களின் கிரில் அப்படியே வந்துவிடும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், காசு கொடுத்துப் பொம்மை வாங்கி ஏமாந்த கதையாக இதைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் வாங்கப் போனது மூலப்பொருள்.

கையால் செய்ய இயலாதவை என்று சில உண்டு. திறந்து மூடும் கதவின் கீல், முன்சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு, சின்னச் சின்ன சஸ்பென்ஷன், ஒழுங்கான ரிம் ஆகியவற்றை உடைந்த டை-காஸ்ட் கார்களிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அப்போது என் மேசையில் இருந்தது 1:18 அளவில், அதாவது உண்மைக் காரின் பதினெட்டில் ஒரு பங்கு அளவில், ஓர் அம்பாசிடர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரைத் தங்கள் தாத்தாவின் நினைவாகக் கேட்டவர்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்தினர். உண்மைக் கார் சுமார் 4.3 மீட்டர் நீளம் என்பதால் மாடல் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் வரும். இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடைப்பட்ட தூரம் 137 மில்லிமீட்டருக்கு அருகில் நிற்க வேண்டும். 1:18 அளவிலான சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடைத்தால் நடுவில் அறுத்தோ ஒட்டுப் போட்டோ அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். 1:24 சேஸிஸ் எதற்கும் உதவாது. வண்டி பெரிதாகவும் சக்கரம் சிறிதாகவும் இருந்தால் தெரியாதவர் கண்ணுக்கும் உறுத்தும்.

இந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மூடிவிட்ட ஒரு பொம்மைக் கடையின் உடைசல் சரக்கு, எல்லாம் 1:18 உலோக ஷெல்கள் (வெற்றுக் கார்க் கூடுகள்), கிலோ 900 ரூபாய், பிரித்துக் கொடுப்பதில்லை என்று போட்டிருந்தது. பெயின்டோ உள்ளலங்காரமோ இல்லாத ஷெல் ஒன்று அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும் என்று வைத்தாலும், ஒன்று 450-லிருந்து 675 ரூபாய்க்குள் அடங்கிவிடும். முழுக் காராகப் புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகிற பொருள் இது. விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாகவும் இல்லை, கைக்கு எட்டாத அளவுக்கு ஏறியும் இல்லை. அந்தத் தொகையைக் குறித்தவருக்கு எங்கள் தொழில் தெரிந்திருக்கிறது.

விற்பவரை அவிநாசியில் ஒரு பேக்கரியில் சந்தித்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும், பேச்சில் பணிவு. பையிலிருந்து சிவப்பு ஷெல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே தன் சட்டைப் பையிலிருந்த வெர்னியரால் ஆக்ஸில் இடைவெளியை அளந்து காட்டினார். அடிப்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, உள்ளே வெள்ளையாக மின்னும் துத்தநாகக் கலவையைக் காட்டினார். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய வண்டிகளின் முன்னால் நின்று அளவு குறித்துவந்த கதையைச் சொன்னார். நானும் அப்படிக் குறிப்பேட்டோடு அங்கே நின்றவன்தான். இந்த வேலையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதே அரிது என்பதால், இரண்டாவது டீ வருவதற்குள் எங்கள் பேச்சு விலையை விட்டு எங்கோ போய்விட்டது. எந்த பட்டி வெடிக்காது, எந்தத் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்று அவர் சொன்னவை அனைத்தும் சரியாகவே இருந்தன.

சரக்கு குமாரபாளையத்தில் ஒரு ஷெட்டில் இருப்பதாகவும், ஷெட்டின் சாவி மாமனாரிடம் இருப்பதாகவும் சொன்னார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். மறுக்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். பிறகு அவராகவே ஒரு யோசனை சொன்னார்:

“மொதல்ல பணம் அனுப்ப வேண்டாமுங்ணா. ஈரோட்டுல லாரி பார்சல் ஆபீஸ்ல போட்டுடறனுங்க. அவங்க தராசுல எடை போட்டு ரசீதுல எழுதித் தருவாங்க. அந்த ரசீதப் பாத்துட்டு அனுப்புனாப் போதுமுங்க. ஒரு கிலோ கொறஞ்சாலும் நீங்க தர வேண்டாம்.”

என் ரூ. 14,400 போனது இந்த இடத்தில்தான். முன்பணம் கேட்டிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. மூன்றாவது ஒருவரின் தராசு, அச்சடித்த ரசீது, எடைக்குப் பிறகே பணம் என்று எனக்கு வரக்கூடிய சந்தேகங்களுக்கெல்லாம் அவரே முன்கூட்டி விடை வைத்திருந்தார். ரசீதின் படம் வந்தது: 16 கிலோ. அதனுடன் வாய் திறந்த சாக்கின் படமும் வந்தது. மேலாக அந்தச் சிவப்பு ஷெல்லும் வேறு சிலவும் தெரிந்தன. ரூ. 14,400-ஐ யுபிஐ வழியாக அவர் எண்ணுக்கு அனுப்பினேன். “வந்துருச்சுங்ணா, ரொம்ப நன்றிங்க” என்று உடனே பதில் வந்தது.

பார்சல் வந்ததும் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எடை கிராம் பிசகாமல் சரியாக இருந்தது. சாக்கின் தையலைப் பிரித்து மேலே இருந்த மூன்று ஷெல்களை எடுக்கும்வரை எல்லாம் ஒழுங்குதான். அவற்றுக்குக் கீழே இருந்தவை பின்னால் இழுத்து விட்டால் ஓடுமே, அந்தத் திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் வண்டிகள்; மேலே வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். அளவு 1:32 இருக்கலாம், இன்னும் சிறியவையும் இருந்தன. கையில் எடுத்தால் கனத்தன. திருப்பிப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கார்ச் சக்கரத்தைச் சமன் செய்ய ரிம்மில் அடிப்பார்களே, அந்த ஈயத் துண்டுகளை எம்-சீல் வைத்து ஒட்டி, அதன் மேல் சிமென்ட்டைக் குழைத்துப் பூசியிருந்தது. துத்தநாகக் கலவையைவிட ஈயம் ஏறக்குறைய 1.7 மடங்கு கனம் என்பதால் சிறிது வைத்தாலே எடை ஏறிவிடும். உண்மையான 1:18 உலோகத்தை மட்டும் பிரித்து நிறுத்தால் 2 கிலோ கூட வரவில்லை. இதற்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்திருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் எரிச்சல் அதிகமாகிறது. அந்தப் பொறுமைக்கு ஒரு நல்ல மாடலே செய்திருக்கலாம்.

மேலே இருந்த மூன்றிலும் ஒன்று, கதவை விரலால் தள்ளியதும் பொரை ரொட்டி போல உதிர்ந்தது. உலோகத்தில் நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடியிருந்தது. டை-காஸ்ட் கார்களுக்குப் பயன்படும் ஜமாக் என்ற கலவை 1929-இல் அமெரிக்காவில் உருவானது; பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம். மிகத் தூய்மையான துத்தநாகத்தில் வார்த்தால் பல்லாண்டு நிற்கும். ஈயம், வெள்ளீயம், காட்மியம் போன்றவை மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும், காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, பொடியாகிவிடும். சிங்க் பெஸ்ட் என்று சொல்லப்படும் இதற்கு மருந்து கிடையாது. பட்டி போட்டு மூடினாலும் உள்ளே அரிப்பு நிற்காது.

நட்டத்தின் மறுபாதியும் இதில்தான் இருக்கிறது. உதவாத ஷெல்களை உருக்கி ரிம்களும் கைப்பிடிகளும் வார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன்; இந்தக் கலவை 400 டிகிரிக்குள் உருகிவிடுவதால் சிறு பட்டறையிலேயே செய்ய முடிகிற வேலை அது. ஆனால் ஈயத்தோடு ஒரே சாக்கில் கிடந்து, ஒன்று ஏற்கெனவே உதிர்ந்தும்விட்ட இந்த உலோகத்தை உருக்கி வார்த்தால், நான் செய்து கொடுக்கும் மாடல் சில ஆண்டுகளில் இன்னொருவர் வீட்டு அலமாரியில் உதிரும். ஆகவே அது உருக்குவதற்கும் ஆகாது.

அன்று மாலையே அழைத்தேன். முதலில் வியந்தார்: “பார்சல்காரங்க மூட்டைய மாத்திட்டாங்களாட்ட இருக்குதுங்ணா.” சாக்கின் தையலும் ரசீது எண்ணும் அவர் அனுப்பிய படத்தில் உள்ளபடியே இருக்கின்றன என்றேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் பேச்சு மாறியது: “பழைய சரக்குல ரிட்டனுன்னு ஏதுங்க? உடைசல்னுதானுங்க போட்டிருந்தேன்.” ஈயத்தைப் பற்றிக் கேட்டபோது, கடைக்காரர் வைத்த எடை அது, தனக்குத் தெரியாது என்றார். பிறகு மாமனாருக்கு உடம்பு சரியில்லை, மருத்துவமனையில் இருக்கிறோம், பாதிப் பணமாவது வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வந்தது, பணம் வரவில்லை. அதன் பிறகு அழைப்பு போகவில்லை. அவருடைய முகப்புப் படமும் என் கைப்பேசியில் மறைந்துவிட்டது.

பார்சல் அலுவலகத்தில் சொன்னது ஒரே வாக்கியம்: “எடை சரியா இருக்குதில்லீங்க, உள்ள இருக்கறதுக்கு நாங்க என்னங்க பண்றது?” அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செயலிக்காரர்களை அப்படி விட முடியாது. புகார் எழுதினால் இயந்திரம் பதில் சொல்கிறது. தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறதாம். மனிதர் ஒருவர் பதில் சொல்லும் இடத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது, பணம் செயலிக்கு வெளியே கைமாறியதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதினார்கள். குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்வதைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதினேன். அதற்கும் அந்த இயந்திரமே வருந்தியது. அந்த ஆளின் விளம்பரத்தையாவது நீக்குங்கள் என்ற கோரிக்கைக்குப் பதிலே இல்லை.

வங்கியில், நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம் என்று முடித்துவிட்டார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பேசி, இணையத்திலும் புகார் பதிந்து, எண் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த எண்ணோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர் தாளை முழுக்கப் படித்துவிட்டு, “பொம்மைக் காருக்கா பதினாலாயிரத்து நானூறு?” என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். நூல் மூட்டையில் கல் வைத்து விற்றால் இந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ரூ. 14,400 நூலுக்குப் போனாலும் காருக்குப் போனாலும் ரூ. 14,400-தான்.

விரிவாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது அதற்கான நிதானம் எனக்கு இல்லை. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நான் சரக்கு எடுக்கும்போது சாக்கைத் தரையில் கொட்டிய பிறகே தராசுக்குப் போவார்கள். மாடல் உதிரியையும் அப்படியே வாங்குங்கள், கொட்டிக் காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள். ரசீதில் உள்ள எடை எடையை மட்டும்தான் சொல்லும். காந்தம் வைத்துப் பார்ப்பது இதில் உதவாது. துத்தநாகமும் ஈயமும் பிளாஸ்டிக்கும் காந்தத்தில் ஒட்டாது, அரத்தால் கீறித்தான் பார்க்க வேண்டும், அதுவும் விற்பவர் எடுத்து நீட்டும் ஷெல்லில் கீறாமல் சாக்கின் அடியிலிருந்து நீங்களே எடுத்ததில் கீறுங்கள். பணம் போனது தெரிந்தவுடன் 1930-ஐ அழையுங்கள். எதிராளியிடம் பேசிப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும். உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒன்று மட்டும் உடனடியாகத் தெரிய வேண்டும். நேற்று இரவு அதே விளம்பரம் வேறு பெயரில், பவானி என்று ஊர் போட்டு, மீண்டும் வந்திருக்கிறது. கிலோ இப்போது 850 ரூபாய். படம் மாறவில்லை: சாக்கின் வாயில் தெரிவது இடது கதவு இல்லாத சிவப்பு ஷெல், அதன் அடியில் அரத்தால் போட்ட கீறல் ஒன்று இருக்கும். ஈரோடு, பவானி, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் படம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். விளம்பரத்தின் எண்ணைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்க்கிறேன்.