தனியாக ஒதுக்குவதா, ஒவ்வொன்றிலும் கூட்டிப் போடுவதா?

பழைய குளியலறையை மாற்ற 2 லட்சம் ஆகும் என்று கொத்தனார் கணக்குக் கொடுக்கிறார். எதிர்பாராத செலவுக்கு இரண்டு வழி. டைல்ஸ், குழாய், கூலி என எல்லாவற்றிலும் 15 சதவீதம் கூட்டி எழுதுவது ஒன்று. எளிதுதான், ஆனால் கடையில் நிற்கும்போது அந்தக் கூடுதல் காசு விலை உயர்ந்த டைல்ஸாக மாறிவிடும்.

இன்னொன்று, அதே 30,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறப்பது. பழைய டைல்ஸைப் பெயர்த்தால்தான் துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயும் ஓதம் ஏறிய சுவரும் கண்ணில் படும். அப்போது குழாயை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்யக் கையில் பணம் இருக்கும். எனக்கு இதுதான் சரி. புது வீடென்றால் முதல் வழியே போதும். கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது பழைய வீட்டில்தான்.

அப்புறம், அந்த 30,000 பற்றிக் கொத்தனாரிடம் வாய் திறக்காதீர்கள்.